கலப்பதா, சேர்ப்பதா, இணைப்பதா?

ஆரோவில்லை ஒட்டிய இரும்பை கிராமத்தில் மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம். தேவாரத்தில் அதன் பெயர் இரும்பை மாகாளம். கருவறையில் உள்ள லிங்கத்தைச் செப்புத் தகடு சுற்றியிருக்கிறது. அதற்குத் தலபுராணம் ஒரு கதை சொல்கிறது. கோயிலில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் சிலம்பு கழன்று விழ, கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. நொந்துபோன சித்தர் பாட, லிங்கம் மூன்று துண்டாகப் பிளந்தது. மன்னன் பிழை பொறுக்கும்படி வேண்டியபின் அவர் மறுபடி பாடினார், துண்டுகள் ஒன்றுசேர்ந்தன.

இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் கடைசி வாக்கியத்தில் ஜாயின், யுனைட், கம்பைன், ஃப்யூஸ் ஆகிய நான்கில் எதை வைத்தாலும் வாசகர் முகம் சுளிக்கமாட்டார். தமிழில் அப்படி முடியாது. ‘துண்டுகள் கலந்தன’ என்றால் கல் கரைந்து குழம்பாகிவிட்டது போலிருக்கும். ‘துண்டுகள் இணைக்கப்பட்டன’ என்றால் யாரோ ஒரு கொத்தனார் வந்து சாந்து பூசியதாகிவிடும். சித்தரின் பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை. ‘ஒன்றுசேர்ந்தன’, ‘பொருந்தின’ என்ற இரண்டு மட்டுமே கதையைக் காப்பாற்றுகின்றன.

கம்பைன் என்ற ஆங்கிலச் சொல்லையும் அதன் உறவுகளான மிக்ஸ், பிளெண்ட், மெர்ஜ், ஜாயின் ஆகியவற்றையும் தமிழில் எழுதும்போது எதை எங்கே வைப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் வேலை. அகராதியைப் புரட்டினால் கல, சேர், கூட்டு, இணை, ஒன்றாக்கு, பிணை, ஒட்டு என்று வரிசையாக வரும். எல்லாம் சரியான பொருள்கள்தான். ஆனால் எந்த இடத்துக்கு எது என்பதை வரிசை சொல்லாது. முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிடும் பழக்கத்தால்தான் அரசு அறிவிப்புகளும் மருந்துச் சீட்டு விளக்கங்களும் சமையல் குறிப்புகளும் தடுக்கி விழுகின்றன.

கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: சேர்ந்த பிறகு பொருள்களுக்கு என்ன ஆகிறது? அவை தனித்தனியாகத் தெரிகின்றனவா, பிரித்தால் பழையபடி கிடைக்குமா, அல்லது பழைய உருவமே போய்விட்டதா?

விடை தேட இரும்பையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக வடக்கே மரக்காணம் போனால் போதும். அங்கே உப்பளத்தில் நடப்பது முழுக்க முழுக்க இந்தக் கேள்விதான். கடல்நீரில் எடைக்கணக்கில் சுமார் 3.5 விழுக்காடு உப்புகள் உள்ளன. பள்ளி வேதியியல் புத்தகம் கடல்நீரைக் கலவை என்கிறது. காரணம், இரசாயன மாற்றம் ஏதுமின்றி, வெயிலும் காற்றும் மட்டுமே அதைப் பிரித்துவிடும். பாத்தியில் தேக்கிய நீர் வற்றி, ஆரம்ப அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு வரும்போது, அதாவது உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவுமானியில் 25 டிகிரியை ஒட்டி, சோற்றுப்பு படிகமாக இறங்கத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்திருக்கும். உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் உப்புகள் தங்கும். ஒவ்வொன்றும் தன் நேரத்தில் தனியே பிரிந்துவருகிறது. கலந்தது பிரிகிறது.

அந்தப் படிகத்தை மட்டும் எந்த வெயிலாலும் பிரிக்க முடியாது. சோடியமும் குளோரினும் அதில் கலந்திருக்கவில்லை, சேர்ந்திருக்கின்றன. ஆகவே பாடப்புத்தகம் அதைச் சேர்மம் என்கிறது. பிரிக்க வேண்டுமானால் உப்பை உருக்கி அதில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். தனியே எடுத்தால் சோடியம் தண்ணீர் பட்டாலே தீப்பற்றும் உலோகம், குளோரின் நச்சு வாயு. இரண்டும் சேர்ந்ததோ சோற்றில் போடுவது. தனிமம், சேர்மம், கலவை என்று தமிழ்வழிக் கல்வி வகுத்துவைத்த இந்த மூன்று சொற்கள் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். அறிவியல் கட்டுரையை மொழிபெயர்ப்பவர் அவற்றை மறந்துவிட்டு ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தால் தண்ணீர் வரும்’ என்று எழுதினால் அது வெறும் நடைப்பிழை இல்லை, அறிவியல் பிழை. அவ்விரு வாயுக்களையும் ஒரு குப்பியில் கலந்து வைக்கலாம். பொறி படும்வரை தண்ணீர் வராது. சேர்ந்தால்தான் வரும்.

அறிவியலுக்கு வெளியே சேர் என்பதன் பரப்பு இன்னும் பெரிது. பள்ளியில் சேர்கிறார்கள், வேலையில் சேர்கிறார்கள், பணம் சேர்க்கிறார்கள், ஊர் போய்ச் சேர்கிறார்கள். ஜாயின் என்ற சொல் வரும் பெரும்பாலான இடங்களுக்கு இதுவே இயல்பான தமிழ். பத்திரிகைகளில் ‘கட்சியில் இணைந்தார்’ என்பது இன்று நிலைத்துவிட்டது. அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் ‘கல்லூரியில் இணைந்தாள்’, ‘புதிய வேலையில் இணைந்தார்’ என்று அது பரவிவருவது தேவையற்றது. சேர்ந்தாள், சேர்ந்தார் என்பதில் எந்தக் குறையும் இல்லை. ஐயம் வரும்போதெல்லாம் முதலில் சேர் என்பதைப் பொருத்திப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கல என்பதன் சொந்த இடம் நீர். சங்கராபரணி புதுச்சேரியை அடுத்துக் கடலில் கலக்கிறது, காவிரி பூம்புகாரில் கலக்கிறது. ஆறும் ஆறும் சந்திக்கும்போது தமிழ் வேறு சொல் எடுக்கிறது: கூடுகின்றன. காவிரியும் பவானியும் சந்திக்கும் இடம் கூடுதுறை. மூன்று நீர் சந்தித்தால் முக்கூடல். ஆற்றோடு ஆறு சமமாகச் சந்திக்கிறது, கடலில் ஆறு தன்னை இழக்கிறது. சொல்லும் அந்த வேறுபாட்டைக் காட்டுகிறது.

மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஏரியில் இந்தக் கலப்பு ஆண்டுதோறும் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் சுற்றுவட்டார ஏரிகளின் நன்னீர் அதில் வந்து விழும். கடல்நீர் எடையந்திட்டு முகத்துவாரம் வழியாக ஏறும். கிடைப்பது நன்னீரும் இல்லை, கடல்நீரும் இல்லை, உவர்நீர். 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்ட இந்த நீர்நிலையைப் பற்றி எழுதும்போது ‘நன்னீரும் கடல்நீரும் இணையும் இடம்’ என்றால் இரண்டு குழாய்களைப் பொருத்திய படம்தான் மனத்தில் வரும். ‘கலக்கும் இடம்’ என்றால் உவர்நீர் கண்முன் வருகிறது.

கல என்ற வேரிலிருந்து கிளைத்த பெயர்ச்சொற்களுக்குள் இன்னொரு கவனம் தேவை. கலவை என்றால் விரும்பிச் செய்த கூட்டு: சிமெண்டுக் கலவை, மருந்துக் கலவை, உலோகக் கலவை. கலப்படம் என்றால் குற்றம். கலப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: கலப்புத் திருமணம், கலப்பின மாடு. கலக்கம் வேறு திசையில் போய்விட்டது. ஆரோவில் மண் ஆய்வு நிறுவனம் பரப்பிவரும் அழுத்திய மண்கல்லில் சராசரியாக 5 விழுக்காடு சிமெண்ட் இருக்கும். அதை ‘சிமெண்ட் கலந்த மண்கல்’ என்று எழுதலாம். ‘சிமெண்ட் கலப்புள்ள மண்கல்’ என்று எழுதினால் யாரோ ஏமாற்றிவிட்டதுபோலத் தொனிக்கும்.

இந்தத் தொனி எவ்வளவு முக்கியம் என்பதை ரேஷன் அரிசி காட்டியது. இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் கொண்ட அரிசிமணிகளைத் தனியே தயாரித்து, 100 பங்கு சாதாரண அரிசிக்கு 1 பங்கு வீதம் கலந்தார்கள். நிறத்திலும் மிதப்பிலும் கொஞ்சம் வேறுபடும் அந்த மணிகளைப் பார்த்துப் பல ஊர்களில் ‘பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டார்கள்’ என்று மக்கள் பயந்தார்கள். கலந்துவிட்டார்கள் என்ற வினையே பாதிக் குற்றச்சாட்டு. அதிகாரிகள் பயன்படுத்தும் செறிவூட்டப்பட்ட அரிசி என்ற சொல்லில் சந்தேகம் எழாது, ஆனால் பலருக்கு அது விளங்குவதும் இல்லை. ‘சத்து சேர்த்த அரிசி’ என்று எழுதியிருந்தால் விளங்கியிருக்கும், பயமும் குறைந்திருக்கும். உணவில் நல்லது சேர்கிறது, கெட்டது கலக்கிறது என்றே தமிழ்க் காது கேட்கிறது. அயோடின் கலந்த உப்பு என்ற வழக்கு நிலைத்துவிட்டதால் அதை இனி மாற்ற வேண்டியதில்லை. புதிதாக ஒரு சுகாதார அறிவிப்பு எழுதுகிறவர் மட்டும் இதை நினைவில் வைப்பது நல்லது.

கம்பைன் என்பதற்கு அரசு நிர்வாகம் வெகுகாலமாக நல்ல தமிழ் வைத்திருக்கிறது: கூட்டு. பல ஊர்களுக்கு ஒரே மூலத்திலிருந்து தண்ணீர் கொண்டுசெல்லும் திட்டம் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குழந்தைக்கும் புரியும். ஒரே நிலத்துக்குப் பலர் பெயரில் இருப்பது கூட்டுப் பட்டா. பாகம் பிரித்தால் தனிப் பட்டா. கூட்டுறவுச் சங்கம், கூட்டுக் குடும்பம், கூட்டணி எல்லாம் இந்த இனம். பலர் தத்தம் தனித்தன்மையோடு இருந்துகொண்டே ஒன்றைப் பங்கிடுவதுதான் இங்கே பொருள். வருவாய்த்துறை ஆவணத்தில் ‘இணைந்த பட்டா’ என்றோ ‘கலப்புப் பட்டா’ என்றோ எழுதினால் கிராம நிர்வாக அலுவலருக்கே புரியாது.

இணை என்பதற்கு அடிப்படைப் பொருள் ஜோடி. ஆங்கிலக் கம்பைன் கூட லத்தீனில் இரண்டிரண்டாகச் சேர்ப்பது என்ற பொருளில் பிறந்த சொல்தான். அந்த விதத்தில் இரண்டும் பிறப்பிலேயே நெருங்கிய சொற்கள். ஆனால் இன்றைய தமிழில் இணை அளவுக்கு மீறிச் சுமக்கிறது. மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, இணைப்புப் பேருந்து, கடிதத்தின் அடியில் ‘இணைப்பு: மதிப்பெண் சான்று நகல்’, மின்னஞ்சலில் வரும் கோப்பும் இணைப்பு, சொடுக்கினால் திறக்கும் முகவரியும் இணைப்பு. 2022-இல் மின் நுகர்வோர் தங்கள் ஆதார் எண்ணைப் பதிய வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது ‘மின் இணைப்பு எண்ணுடன் ஆதார் எண்ணை இணைத்தல்’ என்ற தொடர் தமிழ்நாடு முழுக்கப் புழங்கியது. ஒரே தொடரில் இரண்டு இணை, இரண்டுக்கும் வேறுவேறு பொருள். இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றை மாற்றிவிடுவதே சரி: ‘மின் இணைப்பு எண்ணோடு ஆதார் எண்ணையும் பதிதல்’. கோப்பை ‘உடன் அனுப்பிய கோப்பு’ என்றும், முகவரியைச் ‘சுட்டி’ என்றும் எழுதினால் மின்னஞ்சலிலும் குழப்பம் தீரும்.

மெர்ஜ் என்ற சொல்லைக் கையாளும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு மூழ்குதல் என்று பொருள். ஒன்று இன்னொன்றில் அமிழ்கிறது. தமிழில் அதற்கு இணை என்பதையே எடுக்கிறோம், ஆனால் இணை என்ற வினை தனியாக யார் யாருக்குள் போனார்கள் என்று சொல்லாது. அதை உருபுதான் சொல்லவேண்டும். 2020 ஏப்ரல் 1-இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் இணைக்கப்பட்டது. இதை ‘இந்தியன் வங்கியும் அலகாபாத் வங்கியும் இணைந்தன’ என்று எழுதினால், வாடிக்கையாளர் எந்தப் பெயரில் காசோலைப் புத்தகம் கேட்பது என்றே தெரியாமல் நிற்பார். உம்மை இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிடுகிறது. உடன் என்பது தங்குவது எது, போய்ச் சேர்வது எது என்று காட்டுகிறது.

இரும்பைக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியின் வரலாறே இந்த உருபில்தான் நிற்கிறது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தபின் 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான மாற்றம் முடிந்தது. ‘இந்தியாவுடன் புதுச்சேரி இணைந்தது’ என்ற வாக்கியத்தில் தன்வினை இருக்கிறது: புதுச்சேரி வாக்களித்து, தானே வந்தது. ‘இணைக்கப்பட்டது’ என்று எழுதினால் கீழூரில் விழுந்த அந்த 170 வாக்குகள் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடும். வரலாற்றை எழுதுகிறவர் இரண்டில் எதைத் தேர்கிறார் என்பது வெறும் இலக்கணத் தேர்வு இல்லை.

இந்தத் தன்வினை, பிறவினை இரட்டை தமிழின் பெரிய வசதி. ஆங்கிலத்தில் கம்பைன் என்ற ஒரே வடிவம் தானாக நடந்ததற்கும் ஒருவர் செய்ததற்கும் நிற்கும். தமிழில் சேர்ந்தது, சேர்த்தார், கூடியது, கூட்டினார், இணைந்தது, இணைத்தார், குழைந்தது, குழைத்தார். ஆங்கில மூலத்தில் செயப்பாட்டுவினை கண்டதும் ‘சேர்க்கப்பட்டது’ என்று எழுதுமுன், தானே சேர்ந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இந்தக் கூட்டத்தில் கல மட்டும் விதிவிலக்கு. பாலில் தண்ணீர் கலந்தது, பால்காரர் தண்ணீர் கலந்தார். இரண்டுக்கும் ஒரே கலந்த. அதனால் ‘தண்ணீர் கலந்த பால்’ என்ற தொடரில் செய்தவர் ஒளிந்துகொள்கிறார். புகார் மனு எழுதுகிறவர் ‘தண்ணீர் ஊற்றிய பால்’ என்று எழுதினால் ஒளிய இடமிருக்காது.

உருபுகளில் இன்னும் ஒரு நுட்பம். ‘கட்சியில் சேர்ந்தார்’ என்றால் உறுப்பினரானார். ‘கட்சியோடு சேர்ந்தார்’ என்றால் கூட்டு வைத்தார், தன் கட்சியை விடவில்லை. தேர்தல் செய்தியில் ஓர் உருபு மாறினால் செய்தியே மாறிவிடும்.

சமையலறைக்கு வந்தால் ஆங்கிலத்தின் கை சுருங்கி, தமிழின் கை விரிகிறது. புளியைக் கரைக்க வேண்டும். இட்லிமாவை உப்புப் போட்டுக் கரைக்க வேண்டும். தயிர்சாதத்தைப் பிசைய வேண்டும். கேசரியைக் கிளற வேண்டும். மீன்துண்டில் மசாலாவைப் பிரட்ட வேண்டும். முட்டையை அடிக்க வேண்டும். கொதிக்கும் நீரில் பச்சைத்தண்ணீர் விட்டு விளாவ வேண்டும். சந்தனத்தைக் குழைக்க வேண்டும். இந்த ஏழு வினைக்கும் ஒரே ‘மிக்ஸ் செய்யவும்’ என்று எழுதும் சமையல் குறிப்பு, கை எப்படி அசைய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. புதிதாக அடுப்பருகே நிற்பவருக்கு அந்தத் தகவல்தான் தேவை. பிசை என்றால் விரல் அழுந்த வேண்டும், கிளறு என்றால் கரண்டி அடிவரை போக வேண்டும், பிரட்டு என்றால் துண்டு உடையக் கூடாது. கேக் செய்முறையில் வரும் ஃபோல்ட் போன்ற சொல்லுக்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் தேடி அலைய வேண்டாம். ‘மாவை அடியிலிருந்து மேலாக மெல்லப் புரட்டவும்’ என்று செயலையே எழுதிவிடலாம்.

கடன்சொற்களை விரட்டவேண்டியதும் இல்லை. மிக்சர் என்றால் தமிழருக்கு ஓமப்பொடியும் காராபூந்தியும் வேர்க்கடலையும் சேர்ந்த தீனி. அதை ‘கலவை’ என்று மொழிபெயர்த்தால் பலகாரக் கடையில் யாருக்கும் புரியாது. மிக்ஸி என்பது பெயரளவில்தான் கலக்கும் கருவி, வேலையில் அரைக்கும் கருவி. 2011-இல் தமிழக அரசு விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதற்குப் பிறகு அந்தச் சொல் குக்கிராமங்களிலும் சொந்தச் சொல்லாகிவிட்டது. ‘மிக்ஸியில் அரைக்கவும்’ என்பதே சரியான தமிழ். ‘மிக்ஸியில் மிக்ஸ் செய்யவும்’ என்பதுதான் தவறு.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒரு சொல்லும் இந்தக் கரையில் பிறந்த வினையைத்தான் சுமக்கிறது. மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் கட்டியது கட்டுமரம். சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்த ஐரோப்பியர் 17-ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் எழுத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இன்று ஆங்கிலத்தில் காட்டமரான் என்றால் இரட்டை உடல் கொண்ட படகு. தமிழ்க் கட்டுமரத்தில் உடல் என்று தனியாக ஏதும் இல்லை, கட்டு மட்டும்தான் உண்டு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயவைப்பது பழைய வழக்கம். அவிழ்ப்பதற்கென்றே சேர்ப்பதைக் குறிக்கும் சொல் கட்டு. ‘இரட்டைப் படகுக் கட்டுமரம்’ என்று ஆங்கிலப் பொருளைத் திருப்பிக் கொண்டுவருவது தவறு. விளையாட்டுச் செய்தியில் அது இரட்டையுடல் படகு.

எழுத்தும் எழுத்தும் சேர்வதற்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் புணர்ச்சி. அங்கேயும் முதல் கேள்வி அதேதான்: சேர்ந்தபின் என்ன ஆகிறது? கழி, முகம் இரண்டும் மாறாமல் கழிமுகம் ஆகின்றன. உப்பு, பாத்தி சேரும்போது ஒரு ப் தோன்றி உப்புப்பாத்தி. கடல், கரை சேர்ந்தால் ல் திரிந்து கடற்கரை. உப்பு, அளம் சேர்ந்தால் உகரம் கெட்டு உப்பளம். இயல்பு, தோன்றல், திரிதல், கெடுதல் என்ற நான்கும் மரக்காணம் போகும் சாலையிலேயே கிடைத்துவிடுகின்றன.

பயிற்சிக்குச் சில தொடர்கள். ‘இரு பள்ளிகளும் ஒரே வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டன’ என்ற கருத்துக்கு மெர்ஜ் என்று ஆங்கில மூலம் சொன்னால், நிர்வாகம் ஒன்றானதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்; ஒன்றாகியிருந்தால் எந்தப் பள்ளியுடன் எது இணைந்தது என்று எழுத வேண்டும். ‘இரு மருந்துகளையும் கம்பைன் செய்யக் கூடாது’ என்று மருத்துவர் எழுதியிருந்தால், ‘கலக்கக் கூடாது’ என்பது ஆபத்து, நோயாளி தனித்தனி டம்ளரில் கரைத்து அடுத்தடுத்துக் குடித்துவிடுவார். ‘இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது’ என்பதோடு எத்தனை மணி நேர இடைவெளி என்பதையும் கேட்டு எழுத வேண்டும். 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணும் இந்திய மாநிலங்களின் மண்ணும் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இடப்பட்டன. இந்த நிகழ்ச்சியில் மண்ணை இட்ட இளைஞர்களின் கை செய்ததை எழுதும்போது ‘இட்டார்கள்’, தாழிக்குள் மண்ணுக்கு நேர்ந்ததை எழுதும்போது ‘கலந்தது’, அங்கே வந்திருந்த மக்களை எழுதும்போது ‘கூடினார்கள்’.